63 சதுரங்கள், ஒரு போர்வை

பின்னல் பழக வந்தவரை ஸ்வெட்டரில் தொடங்கச் சொல்லவில்லை பார்பரா வாக்கர். 1974-ல் அமெரிக்காவில் வெளிவந்த அவருடைய ‘லேர்ன் டு நிட் ஆஃப்கன் புக்’ 63 சதுரங்களைப் பின்னச் சொல்கிறது. நிட், பர்ல் என்ற எளிய அடிப்படைக் கண்ணிகளில் ஆரம்பித்து, கேபிள், லேஸ், இரண்டு வண்ண மொசைக் என்று சதுரத்துக்குச் சதுரம் புதிய நுட்பம் வரும். எல்லாவற்றையும் இணைத்தால் ‘ஆஃப்கன்’ என்று அங்கே அழைக்கப்படும் கம்பளிப் போர்வை தயார். பயிற்சித் துண்டு ஒன்றுகூட வீணாவதில்லை.

இதற்கு முன்பே, 1968-லும் 1970-லும் வந்த இரண்டு பெரிய தொகுப்புகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பின்னல் வடிவங்களை வாக்கர் சேர்த்துக் கொடுத்திருந்தார். யாரோ வரைந்த போர்வையை அப்படியே பின்னிக்கொண்டிருந்தவர்கள், பிடித்த வடிவங்களைப் பொறுக்கித் தங்கள் போர்வையைத் தாங்களே அமைக்க இந்தப் புத்தகங்கள் வழிவிட்டன.

ஆனால், பிடித்ததையெல்லாம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட முடியாது. ஒவ்வொரு பின்னலுக்கும் ஒரு குணம் உண்டு. முன்பக்கம் நிட், பின்பக்கம் பர்ல் என வழவழப்பாக வரும் ஸ்டாக்கினெட் ஓரங்களில் சுருண்டுகொள்ளும். எல்லா வரிசையும் நிட்டாகப் பின்னும் கார்ட்டர் தட்டையாகப் படியும். கேபிள் கண்ணிகளை ஒன்றின் மேல் ஒன்றாகத் தாண்ட வைப்பதால் துணி அகலத்தில் குறுகிவிடும். லேஸோ நனைத்து விரித்துக் காயவைத்ததும் அகன்று கொடுக்கும்.

அதனால் கணக்கு முதலில் வருகிறது. ஒரே நூல், ஒரே ஊசியில் மாதிரித் துண்டு பின்னி, அங்குலத்துக்கு எத்தனை கண்ணி என்று அளக்க வேண்டும். 5 கண்ணி என்று வைத்துக்கொள்வோம். 9 அங்குலச் சதுரத்துக்கு 45 கண்ணி. தேர்ந்தெடுத்த வடிவம் 6-ன் மடங்கும் கூடுதலாக ஒன்றும் கேட்கிறது என்றால் 37 கண்ணியில் அது அழகாக உட்காரும். மிச்சம் 8. பக்கத்துக்கு நாலாகப் பிரித்து கார்ட்டரில் பின்னினால் சுருளாத கரை கிடைத்துவிடும்.

அடுத்த சதுரம் கேபிள். அதில் அங்குலத்துக்கு 6 கண்ணி வருகிறது. கரை போக நடுவில் இருப்பது ஏறக்குறைய ஏழரை அங்குலம்; அதை நிரப்ப 37 போதாது, 44 வேண்டும். கீழ்க்கரை முடிந்ததும் 7 கண்ணி கூட்டி, மேல்கரைக்கு முன் அதே 7-ஐக் குறைத்துவிட்டால், பக்கத்துச் சதுரத்தோடு அகலம் சரியாகப் பொருந்தும்.

உயரத்துக்கு வரிசைகளை எண்ணிப் பயனில்லை. கார்ட்டர் நெருக்கமானது, ஸ்டாக்கினெட்டைவிட அதிக வரிசை பின்னினால்தான் அதே உயரம் எட்டும். டேப்பை வைத்து அளந்து முடிப்பதே நம்பகமான வழி.

அகலத்தில் 5, நீளத்தில் 7 என 35 சதுரங்கள் வைத்தால் 45-க்கு 63 அங்குலப் போர்வை. கேபிள் சதுரங்கள் கனமானவை; ஒரே மூலையில் குவிந்தால் போர்வை அந்தப் பக்கமே இழுக்கும். தைப்பதற்கு முன் எல்லாவற்றையும் தரையில் பரப்பி, கனமானதற்குப் பக்கத்தில் எளியதை வைத்துப் பார்த்து இடம் மாற்றுவது நல்லது.

இதே முறை பல கைகள் சேர்ந்து பின்னும்போதும் உதவுகிறது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் பின்னல் நூல் கடை நடத்திய ஈவி ரோசன் 1991-ல் ‘வார்ம் அப் அமெரிக்கா’ என்ற அமைப்பைத் தொடங்கினார். தன்னார்வலர்கள் 7-க்கு 9 அங்குலத் துண்டுகளைப் பின்னித் தருகிறார்கள். 49 துண்டுகளை இணைத்தால் தேவைப்படுவோருக்கு ஒரு போர்வை. ஒருவர் இறுக்கிப் பின்னுவார், இன்னொருவர் தளர்த்திப் பின்னுவார். வடிவமும் அவரவர் விருப்பம். துண்டின் அளவு ஒன்றே எல்லோருக்கும் பொது.