பெயரளவில் மேக்ரோ!

காமிராக் கடைகளில் 'மேக்ரோ' என்று பொறிக்கப்பட்ட லென்சுகள் பலவற்றைக் காணலாம். அவை யாவும் உண்மையான மேக்ரோ லென்சுகள்தாமா? பூச்சிகளையும் பூவின் உறுப்புகளையும் படமெடுக்க விரும்பும் தாவரவியல், விலங்கியல் மாணவர்கள் பணத்தை எண்ணிக் கொடுக்குமுன் கேட்டறிய வேண்டிய கேள்வி இது.

விடை ஓர் எளிய விகிதத்தில் அடங்கியுள்ளது. பிலிமிலோ மின்னணு உணரியிலோ விழும் பிம்பத்தின் நீளத்துக்கும், பொருளின் உண்மையான நீளத்துக்கும் உள்ள விகிதமே உருப்பெருக்க விகிதம் ஆகும். 10 மி.மீ. நீளமுள்ள வண்டின் பிம்பமும் 10 மி.மீ. நீளம் இருந்தால் விகிதம் 1:1. இதனை எட்டும் லென்சையே உண்மையான மேக்ரோ என்று பொதுவாகக் கூறுவர். ஜூம் லென்சுகள் பலவும் அப்பெயரைத் தாங்கி, 1:4 அளவிலேயே நின்றுவிடுகின்றன. அவற்றில் அந்த வண்டு வெறும் 2.5 மி.மீ. தான். பின்னர் பெரிதாக்கிக் கொள்ளலாமே எனில், உருவம் பெரிதாகும். பதிவாகாத நுண்மயிர் புதிதாய் முளைத்துவிடாது.

அண்மைப் பொருளைத் தெளிவாகக் காட்ட, லென்ஸ் பிலிமைவிட்டு முன்னே நகர வேண்டும். 50 மி.மீ. குவியத்தூரமுள்ள எளிய லென்ஸ் 1:1 அடைய, மேலும் 50 மி.மீ. நகர்ந்தாக வேண்டும். அந்நிலையில் பிலிமை அடையும் ஒளி நான்கில் ஒரு பங்காகக் குறைகிறது. துளையை எஃப்/8 என வைத்தாலும், தெளிவாகத் தெரியும் ஆழம் ஏறத்தாழ 1 மி.மீ. மட்டுமே!

அப்படியானால் சாதாரண லென்சுக்குப் பின்னால் நீட்டிப்பு வளையம் பொருத்தினால் போதாதா? விகிதம் கிட்டும். ஆனால் தொலைவுக் காட்சிகளுக்கென வடிவமைத்த லென்சில், அண்மையில் படத்தின் ஓரங்கள் மங்கக்கூடும். மேக்ரோ லென்சோ, தட்டையான தாளின் நடுவையும் மூலையையும் ஒருங்கே தெளிவாகக் காட்டுமாறு அண்மைத் தூரத்துக்கென்றே திருத்தப்பட்டது. நிக்கான் நிறுவனத்தின் 55 மி.மீ. எஃப்/2.8 மைக்ரோ-நிக்கார் தனித்து 1:2 வரையே செல்லும், 27.5 மி.மீ. வளையம் சேர்த்தால் 1:1 எட்டும். இருப்பினும் அண்மைப் படங்களுக்கு அது பெயர் பெற்றது. ஆகவே விகிதம், திருத்தம் இரண்டையுமே பார்த்தல் வேண்டும்.

1955-இல் ஜெர்மானியரான ஹைன்ஸ் கில்ஃபிட்டின் நிறுவனம் வெளியிட்ட மேக்ரோ-கிலார் லென்சிலேயே 1:2, 1:1 என இரு வகைகள் இருந்தன. வேறுபாடு அன்றே தெளிவாக இருந்தது. பின்னாளைய விளம்பரம்தான் அதை மங்கச் செய்தது.

சோதிக்கும் வழி எளிது. ஓர் அளவுகோலை, லென்ஸ் குவிக்கக்கூடிய மிக அண்மைத் தூரத்தில் வைத்துப் படமெடுங்கள். 36 மி.மீ. அகலமுள்ள பிலிமிலோ உணரியிலோ, அளவுகோலின் 36 மி.மீ. மட்டும் அகலம் முழுவதையும் நிறைத்தால் விகிதம் 1:1. 72 மி.மீ. தெரிந்தால் 1:2; 144 மி.மீ. தெரிந்தால் 1:4. உணரி சிறியதாயின் அதன் அகலத்தோடு ஒப்பிடுக. லென்சின் மேலுள்ள எழுத்தைவிட அளவுகோலின் கோடுகளே நம்பத்தக்க சாட்சி!