ஒன்லி (ஆங்கில வினையடை)

ஒன்லி என்பது ஆங்கிலத்தில் மிகுதியாகப் பயன்படும் வினையடைகளுள் ஒன்றாகும். "மட்டும்", "மாத்திரம்" என்பன இதன் நேர்ப்பொருள்கள். இந்திய ஆங்கிலத்தில் இது "தான்" என்னும் பொருளிலும் வழங்குகிறது.

சொற்பிறப்பு

பழைய ஆங்கிலத்தில் "ஒன்று" எனப் பொருள்படும் சொல்லுடன் "போன்ற" எனப் பொருள்படும் ஈறு சேர்ந்து இச்சொல் உருவானது. இது பெயரடையாகவும் வரும். "ஒன்லி சன்" என்பது ஒரே மகனைக் குறிக்கும்.

பொருள்கள்

- விலக்கு: பிறவற்றை நீக்கி ஒன்றை மட்டும் குறித்தல்.
- குறைவு: "ஒன்லி டென் மினிட்ஸ்" – பத்தே நிமிடம்.
- அண்மைக் காலம்: "ஒன்லி யெஸ்டர்டே" – நேற்றுத்தான்.

காசோலைகளில் தொகையை எழுத்தில் எழுதியபின் "ஒன்லி" அல்லது "மட்டும்" என முடிப்பது இந்தியாவில் வழக்கம். பின்னர் எவரும் தொகையைக் கூட்டி எழுதாதிருக்க இது உதவுகிறது.

சொல்லின் இடம்

இச்சொல் நிற்கும் இடத்தைப் பொறுத்துப் பொருள் மாறும். தொழிற்சாலை அறிவிப்பொன்றில் "ஒன்லி ட்ரெயின்ட் ஆப்பரேட்டர்ஸ் மே ரன் த மெஷின்" என்றிருந்தால், பயிற்சி பெற்றவர் மட்டுமே இயந்திரத்தை இயக்கலாம் என்பது பொருள். அதே சொல் "மே" என்பதன் பின் வந்தால், பயிற்சி பெற்றவர் இயந்திரத்தை இயக்க மட்டும் செய்யலாம், பழுதுபார்த்தல் போன்றவை கூடா என்றும் கொள்ள இடமுண்டு. முதல் தொடரே மற்றவரைத் தெளிவாகத் தடுக்கிறது.

எல்லைப்புற வழக்கு

சிப்காட் தொழிற்பேட்டைகள் அமைந்த ஓசூரிலும், 2004 இல் தருமபுரியிலிருந்து பிரிக்கப்பட்ட கிருட்டிணகிரி மாவட்டத்தின் பிற பகுதிகளிலும் தமிழ், கன்னடம், தெலுங்கு ஆகிய மூன்றும் பேசப்படுகின்றன. தமிழில் "மட்டும்", கன்னடத்தில் "மாத்ர", தெலுங்கில் "மாத்ரமே" ஆகியன தாம் குறிக்கும் சொல்லுக்குப் பின்னரே வரும். மூன்று மொழிகளுக்கும் பொதுவான தேற்ற ஏகாரமும் அவ்வாறே. இந்தியில் "ஹீ" என்பதும் பின்னரே நிற்கும். இவ்வமைப்பு ஆங்கிலத்திற்கும் செல்வதால் "ஐ ஒர்க் இன் ஓசூர் ஒன்லி" போன்ற தொடர்கள் தோன்றுகின்றன. "ஓசூரில்தான் வேலை செய்கிறேன்" என்பதே இதன் கருத்து.

இவ்வட்டாரத்தில் இதனால் குழப்பம் நேர்வதில்லை. ஆனால் "வி டிஸ்பேட்ச் ஆன் மண்டே ஒன்லி" என்று வெளிநாட்டு வணிகருக்கு எழுதினால் நிலைமை வேறு. எழுதியவர் "திங்கட்கிழமையே அனுப்பிவிடுவோம்" என உறுதி கூற நினைத்திருக்கலாம். படிப்பவரோ, மற்ற நாள்களில் சரக்கு அனுப்பப்படாது எனக் கொள்வார்.

வேறுபடுத்தும் முறை

"தான்" வரும் இடத்தில் "மட்டும்" இட்டுப் பார்க்கலாம். பொருள் மாறாவிடின் ஒன்லி பொருந்தும். மாறினால், அண்மைக் காலத்தைக் குறிக்கும் இடம் நீங்கலாக, ஒன்லியைத் தவிர்ப்பது நன்று. அவ்விடங்களில் பேச்சில் குரலழுத்தமும், எழுத்தில் "இட் இஸ்" எனத் தொடங்கும் தொடரும் தேற்றப் பொருளைத் தரும்.