சாயப்பட்டறையில் ஆசிட் கொட்டினால்: முதல் கால் மணி நேரத்தின் கடமைகள்

திருவண்ணாமலை மாவட்டத்தில் ஆரணியை அடுத்துள்ள களம்பூர், ‘ஆரணி ரோடு’ என்னும் ரயில் நிலையத்தாலும் அரிசி ஆலைகளாலும் வெளியூராருக்கு அறிமுகமான பேரூர். ஆரணிப் பட்டு என்ற பெயரில் சந்தைக்குச் செல்லும் சேலைகள் நெய்யப்படும் வட்டாரத்தில் அதுவும் அடங்கும். இத்தகைய நெசவு வட்டாரங்களில் தறியேறும் நூல் முன்னதாகக் கடந்துவரும் இடம் சாயப்பட்டறை. தோலையும் கண்ணையும் உலோகத்தையும் அரித்துச் சிதைக்கும் திரவங்கள் அங்கே கேன்களிலும் டிரம்களிலும் இருப்பு வைக்கப்பட்டு அன்றாடம் கையாளப்படுகின்றன. இவற்றில் ஒன்று கவிழ்ந்தாலோ தெறித்தாலோ தீயணைப்பு வண்டியோ 108 ஆம்புலன்ஸோ வந்து சேர்வதற்குள் சேதத்தின் அளவு பெரும்பாலும் முடிவாகிவிடும். ஆகவே, அரிக்கும் திரவங்களால் நேரும் விபத்தில் அவசரகால நடவடிக்கை என்பது, முதன்மையாக, பட்டறைக்குள் இருப்பவர்கள் முதல் பதினைந்து நிமிடங்களில் எதை, எந்த வரிசையில் செய்கிறார்கள் என்பதையே குறிக்கிறது.

பட்டறையில் இருப்பவை

கச்சாப் பட்டு நூலின் எடையில் ஏறத்தாழ 20 முதல் 25 விழுக்காடு வரை செரிசின் எனப்படும் இயற்கைப் பசை. சோப்பும் சலவை சோடாவும் கலந்து கொதிநிலையை நெருங்கச் சூடாக்கிய நீரில் நூலை அவித்து இந்தப் பசை நீக்கப்படுகிறது. அதன்பின் நூலை வெளுக்க ஹைட்ரஜன் பெராக்சைடும், சாயம் நூலில் ஏறிப் பிடிக்க அசிட்டிக் அமிலமும் சில இடங்களில் கந்தக அமிலமும், ஏறிய சாயத்தை உரிக்க ‘ஹைட்ரோஸ்’ எனப்படும் சோடியம் ஹைட்ரோசல்பைட்டும் பயன்படுகின்றன. பருத்தி நூலுக்கும் சாயமேற்றும் பட்டறையில் காஸ்டிக் சோடாவும் இருக்கும்.

இவை ஒவ்வொன்றின் குணமும் வேறு. அடர் கந்தக அமிலம் நீருடன் சேரும்போது பெரும் வெப்பத்தை வெளியிடும். பருத்தித் துணியைக் கரியாக்கும். நீர் கலக்காத அசிட்டிக் அமிலம் அரிப்பதோடு நில்லாமல் எரியவும் கூடியது. அதன் ஆவி தீப்பற்றத் தொடங்கும் வெப்பநிலை ஏறத்தாழ 39 டிகிரி செல்சியஸ் என்பதால், அக்னி நட்சத்திர நாட்களில் தகரக் கூரையின் கீழ் கொட்டிய அமிலத்தின் அருகே எரியும் அடுப்பு இருந்தால் விபத்து இரட்டிப்பாகும். பெராக்சைடு தானாக எரியாது. ஆனால் ஆக்சிஜனை வெளியிட்டு, மரத்தூள், சாக்கு, பஞ்சு போன்றவற்றைப் பற்றியெரியச் செய்யும். ஹைட்ரோஸ் தூளில் ஈரம் பட்டால் அது சூடேறித் தானே தீப்பிடிப்பதோடு, மூச்சை அடைக்கும் சல்பர் டை ஆக்சைடு வாயுவையும் வெளியிடும். பிளீச்சிங் கரைசலுடன் அமிலம் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். எனவே, எது கொட்டியது என்பதைப் போலவே, அது ஓடிச் சேரும் இடத்தில் வேறு எது இருக்கிறது என்பதும் முக்கியமாகிறது.

பொதுவாக அமிலத்துக்கே மக்கள் மிகவும் அஞ்சுகின்றனர். காரம் அதனினும் கொடியது என்பதைப் பட்டு நூலே காட்டும். பட்டு ஒரு புரதம். நீர்த்த அமிலத்தில் அது தாக்குப்பிடிக்கும், ஆனால் கொதிக்கும் காஸ்டிக் கரைசலில் கரைந்துபோகும். மனிதத் தோலும் கண்ணின் கருவிழியும் பெருமளவு புரதத்தால் ஆனவையே. அமிலம் பட்ட இடத்தில் புரதம் உறைந்து ஒரு தடுப்புப் படலம் உண்டாவதால் அதன் ஊடுருவல் ஓரளவு தடைப்படும். காரமோ புரதத்தைக் கரைத்தும் கொழுப்பைச் சோப்பாக்கியும் உள்ளே இறங்கிக்கொண்டே இருக்கும். தொடக்கத்தில் வலி குறைவாக இருப்பதால் பாதிக்கப்பட்டவர் அலட்சியமாக இருந்துவிடலாம். காயத்தின் உண்மையான ஆழம் பின்னரே தெரியவரும்.

உடலுக்குத் தண்ணீர், தரைக்கு மணல்

உடலில் அரிக்கும் திரவம் பட்டவுடன் செய்ய வேண்டியது, ஓடும் தண்ணீரால் குறைந்தது 15 நிமிடம் இடைவிடாமல் கழுவுவதாகும். காரமாக இருந்தாலோ கண்ணில் பட்டிருந்தாலோ அரை மணி நேரமும் அதற்கு மேலும் கழுவுவது நல்லது. கழுவும்போதே சட்டை, லுங்கி, செருப்பு, கைக்கடிகாரம் ஆகியவற்றைக் களைந்துவிட வேண்டும். நனைந்த துணி திரவத்தைத் தோலோடு ஒட்டவைத்துக்கொள்ளும். கண் தானாக மூடிக்கொள்ளும் என்பதால், இமைகளை விரலால் விரித்துப் பிடித்து, பாதிக்கப்பட்ட கண்ணின் நீர் மற்றக் கண்ணுக்குள் வழியாதபடி தலையைச் சாய்த்துக் கழுவ வேண்டும். சுண்ணாம்புத் தூள் போன்ற உலர்பொருள் தோலில் பட்டால் முதலில் துடைத்தோ தட்டியோ நீக்கிவிட்டுப் பின்னர் கழுவ வேண்டும். வாய்க்குள் போயிருந்தால் வாயைக் கொப்பளிக்கச் செய்யலாமேயன்றி, வாந்தியெடுக்கத் தூண்டக் கூடாது. வெளிவரும் திரவம் உணவுக்குழாயை மீண்டும் ஒருமுறை அரிக்கும்.

கந்தக அமிலம் நீருடன் சேர்ந்தால் கொதிக்கும் என்பதை அறிந்தவர்கள், அமிலம் பட்ட உடலில் தண்ணீர் ஊற்றத் தயங்குவதுண்டு. இந்தத் தயக்கம் தவறானது. சிறிதளவு நீர் பெருமளவு அமிலத்தில் விழும்போதுதான் வெப்பம் ஓரிடத்தில் குவிந்து திரவம் தெறிக்கிறது. உடலில் படிந்த மெல்லிய அமிலப் படலத்தின் மீது ஏராளமான நீர் பாயும்போது அது அமிலத்தையும் வெப்பத்தையும் ஒருங்கே அடித்துச் சென்றுவிடும். இதே காரணத்தால்தான், கரைசல் தயாரிக்கும்போது தண்ணீரில் அமிலத்தைச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும் என்றும், அமிலத்தில் தண்ணீரை ஊற்றக் கூடாது என்றும் வேதியியல் வகுப்புகளில் வலியுறுத்தப்படுகிறது.

தரையில் தேங்கிய அடர் அமிலத்துக்கு இந்த விதி தலைகீழாகும். அங்கே அவசரமாக ஒரு வாளி நீரை ஊற்றினால் தெறிப்பும் புகையும் உண்டாவதுடன், அமிலம் சாக்கடை வழியே ஏரிக்கும் கிணற்றுக்கும் பயணப்படும். ஆட்களை விலக்கி, அடுப்பை அணைத்து, கதவு சன்னல்களைத் திறந்து, காற்று எங்கிருந்து வீசுகிறதோ அந்தப் பக்கத்தில் நின்றுகொண்டு, ரப்பர் கையுறையும் கண்ணாடியும் கம்பூட்டும் அணிந்தவர் மட்டுமே அருகில் செல்ல வேண்டும். சாக்கடை வாயை முதலில் அடைத்து, திரவத்தைச் சுற்றி உலர்ந்த மணலால் அணை கட்டி, பின்னரே உட்பக்கம் மணலைத் தூவிச் சேகரிக்க வேண்டும். மரத்தூளும் பழந்துணியும் பெராக்சைடுக்கும் அடர் கந்தக அமிலத்துக்கும் ஆகாதவை.

நடுநிலையாக்கத்தின் கணக்கு

அமிலத்தைக் காரத்தாலும் காரத்தை அமிலத்தாலும் முறித்து நீராகவும் உப்பாகவும் மாற்றுவது நடுநிலையாக்கம் எனப்படும். இம்மாற்றமும் வெப்பத்தை வெளியிடுவதே. 98 விழுக்காடு அடர்த்தியுள்ள ஒரு கிலோ கந்தக அமிலத்தை முறிக்கச் சலவை சோடாவின் நீரற்ற தூள் ஏறத்தாழ 1.06 கிலோ தேவைப்படும். அப்போது அறை வெப்பநிலையில் சுமார் 250 லிட்டர் கார்பன் டை ஆக்சைடு பொங்கி வெளியேறும். நுரைத்துத் தெறிக்கும் இந்த வேதிவினையை மனிதத் தோலின் மீது நிகழ்த்துவது புண்ணின் மேல் இன்னொரு புண்ணை உண்டாக்குவதாகும். ஆசிட் பட்டவர் மீது சோடா நீரையும், காஸ்டிக் பட்டவர் மீது எலுமிச்சைச் சாற்றையும் ஊற்றும் பழக்கம் இதனால்தான் தவிர்க்கப்பட வேண்டியதாகிறது. நடுநிலையாக்கம் தரைக்கும் நீர்நிலைக்கும் உரியது. அதுவும் திரவம் அணைக்குள் கட்டுப்பட்ட பின், சிறிது சிறிதாக, பி.எச். தாளால் சோதித்துச் செய்ய வேண்டியது. பி.எச். என்பது அமில, காரத்தன்மையை அளக்கும் 0 முதல் 14 வரையிலான அளவுகோல். அதில் ஒவ்வோர் எண்ணும் பத்து மடங்கைக் குறிப்பதால், பி.எச். 10 உள்ள கரைசலைவிட 13 உள்ள கரைசல் ஆயிரம் மடங்கு காரமானது.

பெரிய அளவில் நடுநிலையாக்கம் பயன்படுத்தப்பட்ட நிகழ்வு ஒன்று ஹங்கேரியில் நடந்தது. 2010 அக்டோபர் 4 அன்று, ஆய்கா நகரின் அலுமினா ஆலைக் கழிவுத் தேக்கத்தின் கரை உடைந்து, பி.எச். 13 அளவிலான செஞ்சேற்றுக் காரக் கழிவு கொலொண்டார், தெவெச்செர் ஆகிய ஊர்களுக்குள் பாய்ந்தது. 10 பேர் இறந்தனர். நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர், அவர்களில் பலருக்குக் காரத் தீப்புண்கள். மார்ட்சல் ஆற்றில் உயிரினங்கள் அழிந்தன. அக்கழிவு டான்யூப் நதியை அடைவதற்குள், ஜிப்சமும் அசிட்டிக் அமிலமும் ஆற்று நீரில் கொட்டப்பட்டு அதன் காரத்தன்மை குறைக்கப்பட்டது. பட்டில் சாயம் ஏற்ற உதவும் அதே அமிலம் அங்கே ஒரு நதியைக் காக்கப் பயன்பட்டது. ஆனால் அதுவும் ஆற்று நீருக்கே; பாதிக்கப்பட்டோரின் உடலுக்கு அன்று.

கழிவுத் தேக்கம் உடைந்த விபத்து தமிழ்நாட்டிலும் நேர்ந்தது: ராணிப்பேட்டை சிப்காட் வளாகத்தில், 2015 ஜனவரி 31 அதிகாலையில் தோல் தொழிற்சாலைகளுக்கான பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுச்சேற்றுத் தொட்டிச் சுவர் இடிந்தது. அருகில் உறங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் சேற்றில் மூழ்கி இறந்தனர். தேக்கிவைத்த கழிவின் அருகே ஆட்களை உறங்கவிடலாகாது என்னும் பாடத்தை, ரசாயன டிரம்களுக்குப் பக்கத்தில் பாய் விரிக்கும் பட்டறைகளும் ஏற்க வேண்டும்.

சட்டம் எட்டாத இடம்

1985 டிசம்பர் 4 அன்று டெல்லியில் ஸ்ரீராம் ஆலையிலிருந்து ஓலியம் என்னும் மிக அடர்ந்த கந்தக அமிலப் புகை கசிந்ததை அடுத்து, ஆபத்தான தொழில் நடத்துவோர் தம்மீது பிழை இல்லையெனினும் இழப்பீடு தர வேண்டும் என்ற முழுப் பொறுப்புக் கோட்பாட்டை உச்ச நீதிமன்றம் வகுத்தது. 1989-இல் அபாயகர ரசாயனங்களுக்கான விதிகளும் 1996-இல் ரசாயன விபத்துகளுக்கான அவசரத் திட்ட விதிகளும் வந்தன. இவை பெருவிபத்து நேரக்கூடிய ஆலைகளை மனத்தில் கொண்டவை. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் மின்சாரம் பயன்படுத்தினால் 10 பேர், இல்லையெனில் 20 பேர் வேலை செய்யும் இடத்தையே தொழிற்சாலை எனக் கொண்டது. 2020-ஆம் ஆண்டின் தொழிலாளர் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அவ்வெண்களை 20, 40 என உயர்த்தியது. குடும்பத்தாரும் ஓரிரு கூலியாட்களும் நடத்தும் சாயப்பட்டறை இவ்வரையறைகளுக்கு வெளியே நின்றுவிடுகிறது.

ஆகவே, பாதுகாப்பு அங்கே ஆய்வாளரின் வருகைக்குக் காத்திருக்க முடியாது. அதற்குத் தேவையானவை விலை உயர்ந்தவையும் அல்ல. நிமிடத்துக்கு 10 லிட்டர் பாயும் குழாய் 15 நிமிடத்தில் தருவது 150 லிட்டர் நீர்; நூல் அலசும் தொட்டி அல்லாத, மூடியும் குழாயும் உள்ள 200 லிட்டர் நல்ல நீர் டிரம் ஒன்று எப்போதும் நிரம்பியிருந்தால் முதல் கடமையைத் தொடங்கிவிடலாம். இரண்டு மூட்டை உலர்ந்த மணல், ரப்பர் கையுறை, கண்ணாடி ஆகியவை கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். ஒவ்வொரு கேனிலும் ரசாயனத்தின் பெயரைத் தமிழில் பெரிதாக எழுதி ஒட்டி, அமிலத்தையும் காரத்தையும் பெராக்சைடையும் தனித்தனியே வைத்து, குடிநீர்ப் பாட்டிலில் எதையும் ஊற்றி வைக்காதிருக்க வேண்டும். ரசாயனம் விற்பவரிடம் பாதுகாப்புத் தரவுத் தாளைக் கேட்டுப் பெறலாம். அதன் நான்காம் பகுதி முதலுதவியையும் ஆறாம் பகுதி கொட்டினால் செய்ய வேண்டியதையும் கூறும். அத்தாளைத் தமிழில் தருமாறு நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களும் பேரூராட்சியும் வலியுறுத்தி, தீயணைப்புத் துறையினரை அழைத்து ஆண்டுக்கு ஒருமுறையேனும் பட்டறைத் தொழிலாளர்களுக்குப் பயிற்சி அளிக்க வேண்டும்.