பின்னறையை எட்டாத இணையம்

முன்னறையில் இருக்கும்வரை டேப்லெட்டில் பாடக் காணொலி தடையின்றி ஓடுகிறது. அமைதியாகப் படிக்கலாம் என்று பிள்ளைகள் அதைப் பின்னறைக்கு எடுத்துச் சென்றதும் ஆசிரியரின் குரல் அறுபடுகிறது. படம் உறைந்து நிற்கிறது. உடனே கூடுதல் கட்டணம் செலுத்தி வேகமான திட்டத்துக்கு மாறுகிறோம். பல வீடுகளில் இந்தச் செலவு வீண்.

இதை அறிவது எளிது. ரௌட்டருக்கு அருகில் ஒருமுறை, பின்னறையில் ஒருமுறை என டேப்லெட்டில் இணைய வேகத்தைச் சோதித்துப் பார்க்கலாம். அருகில் நல்ல வேகமும் பின்னறையில் குறைந்த வேகமும் காட்டினால், குறை வீட்டுக்கு வரும் இணைப்பில் இல்லை. வீட்டுக்குள் அது பரவும் விதத்தில்தான் இருக்கிறது.

வைஃபை என்பது ரேடியோ அலை. தொலைவு இரட்டிப்பானால், திறந்தவெளியிலேயே அதன் வலு நான்கில் ஒரு பங்காகக் குறையும். செங்கல் சுவரும், அதைவிடக் கூடுதலாகக் கம்பி கட்டிய கான்கிரீட்டும் அதை மேலும் குறைக்கின்றன. இரும்பு பீரோ அலையைத் திருப்பிவிடுகிறது. நாமோ ரௌட்டரை வாசலோரத்திலோ தொலைக்காட்சி அலமாரிக்குள்ளோ வைத்துவிடுகிறோம். அலைகளில் கணிசமான பகுதி தெருவுக்குப் போய்விடுகிறது.

மேலும், இது ஒருவழிப் போக்குவரத்து அல்ல. டேப்லெட் அனுப்பும் அலையும் ரௌட்டரைச் சென்றடைய வேண்டும். பேட்டரியில் இயங்கும் டேப்லெட்டின் அலைபரப்பும் திறன் பொதுவாக ரௌட்டரைவிடக் குறைவு. திரையில் வைஃபை குறியீடு தெளிவாகத் தெரிந்தும் இணைப்பு தடுமாறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

செலவு குறைந்த வழியிலிருந்தே தொடங்கலாம். இணையக் கேபிளைச் சற்று நீட்டி, ரௌட்டரை வீட்டின் நடுப்பகுதியில், அலமாரிக்கு வெளியே, உயரமான இடத்தில் வைக்கலாம். இன்றைய ரௌட்டர்களில் பெரும்பாலானவை 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் ஆகிய இரு அலைவரிசைகளில் இயங்குகின்றன. 5 வேகமானது, ஆனால், சுவர்களைக் கடக்கையில் விரைவில் வலுவிழக்கும். தொலைவிலுள்ள அறைக்கு 2.4 ஏற்றது. மைக்ரோவேவ் அடுப்பும் ஏறக்குறைய அதே அலைவரிசையில் இயங்குவதால், ரௌட்டரை அதன் அருகில் வைக்கக் கூடாது.

இவை போதாதபோது ரிப்பீட்டர் வாங்கலாம். அதைப் பின்னறையில் அல்ல, ரௌட்டரின் அலை வலுவாகக் கிடைக்கும் இடைவழியில் பொருத்த வேண்டும். ஒரே அலைவரிசையில் பெற்று அனுப்பும் ரிப்பீட்டரில் வேகம் ஏறத்தாழப் பாதியாகும். பின்னறைவரை கேபிள் இழுத்து, அங்கே இன்னொரு வைஃபை கருவியைப் பொருத்துவதே உறுதியான தீர்வு.

புதிதாக வீடு கட்டுவோர், மின்கம்பிக்கான குழாய்களைப் பதிக்கும்போதே இணையக் கேபிளுக்கும் தனிக் குழாய் பதித்துவிடுவது நல்லது. பிள்ளைகளின் படிப்புக்கு அமைதியான ஓர் அறையை ஒதுக்கும் நாம், அந்த அறைக்கு இணையம் சென்றுசேர்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும் அல்லவா?