முகத்தை மறைத்தாலும் கைவீச்சு காட்டிக்கொடுக்கும்

வி.ஆர். ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, பாட்டின் தாளத்துக்கு ஏற்ப எதிரே பறந்து வரும் கனசதுரங்களை இரு கைகளாலும் ஒளிவாள் வீசி வெட்டித் தள்ளும் விளையாட்டு 'பீட் சேபர்'. கொஞ்ச நேரத்திலேயே வியர்த்துக் கொட்டிவிடும் என்பதால் பலருக்கு இதுதான் வீட்டு ஜிம். 2023-இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் விவேக் நாயர் குழுவினர் இதை ஆடிய 55,541 பேரின் அசைவுப் பதிவுகளை ஆராய்ந்தார்கள். முகம் கிடையாது, குரல் கிடையாது. தலையும் இரு கைகளும் எந்த நொடியில் எங்கே, எப்படித் திரும்பியிருந்தன என்பதுதான் முக்கியத் தடயம். 100 நொடி அசைவைக் கொடுத்ததும், அத்தனை பேரில் இவர் யார் என்று கணினி 94 விழுக்காட்டுக்கு மேல் சரியாகச் சொன்னது. 10 நொடி கொடுத்தபோதுகூட 73 விழுக்காடு.

தெருமுனையில் வருபவரை நடையை வைத்தே இன்னார் என்கிறோமே, அந்த வித்தைதான். தரையிலிருந்து ஹெட்செட் இருக்கும் உயரம் ஆளின் உயரத்தைச் சொல்லிவிடும். விரித்த கைகள் கைநீளத்தைச் சொல்லும். எந்தக் கை முந்துகிறது, குனிந்தவர் எவ்வளவு வேகத்தில் நிமிர்கிறார் என்பதெல்லாம் ஆளுக்கு ஆள் மாறும். ஒன்று, முன்பே எடுத்த பதிவு கையில் இருந்தால்தான் இப்படி ஒப்பிட முடியும். முன்பின் தெரியாதவரின் பெயரை இது கண்டுபிடித்துவிடாது. ஆனால் சொந்தப் பெயரில் ஒருமுறை ஆடியவர், பிறகு புனைபெயரில் ஆடினாலும் பொருத்திப் பார்க்க வழி பிறந்துவிடுகிறதே!

ஹெட்செட் இல்லாதவர்களுக்குச் செல்போன் கேமராவே பயிற்சியாளர். 2020-இல் கூகுள் வெளியிட்ட 'பிளேஸ்போஸ்' உடலில் 33 புள்ளிகளைக் குறித்து, முழங்கால் எவ்வளவு மடங்குகிறது என்று கணக்கிட உதவுகிறது. இந்தக் கணக்கைப் போனே போட்டுவிடும். படம் வீட்டை விட்டு வெளியே போகவேண்டிய அவசியமே இல்லை. உங்கள் உடற்பயிற்சிச் செயலி அப்படித்தான் இயங்குகிறதா? நெட்டை அணைத்துவிட்டு நாலு பஸ்கி போட்டுப் பாருங்கள். எண்ணிக்கை ஓடினால் கணக்கு போனிலேயே நடக்கிறது. நெட் வந்தபின் எல்லாவற்றையும் சேர்த்து அனுப்பாது என்பதற்கு மட்டும் இது உத்தரவாதமில்லை.

"படத்தை அனுப்புவதில்லை, 33 புள்ளிகளை மட்டும்தான் அனுப்புகிறோம்" என்று செயலிக்காரர்கள் சொன்னால் மயங்கிவிட வேண்டாம். பெர்க்லி கணினிக்குக் கிடைத்தவை மூன்றே புள்ளிகள்.

இதற்கு மாற்றாக உயரம், கைநீளம் போன்ற அளவுகளில் வேண்டுமென்றே சிறு பிசகு கலந்து அனுப்பும் 'மெட்டாகார்ட்' என்ற மென்பொருளை நாயர் குழுவினரே உருவாக்கியிருக்கிறார்கள். விளையாட்டுக்கு அது சரி. முதுகு வளைவதைத் திருத்த வேண்டிய பயிற்சியில் பிசகிய அளவு இடுப்பைப் பிடித்துவிடும். ஆகவே திருத்தம் போனுக்குள்ளேயே நடந்து, "20 பஸ்கி, 3 தப்பு" என்ற கணக்கு மட்டும் வெளியே போவதே உருப்படியான ஏற்பாடு என்பேன்.

நேரலை வகுப்பில் இதெல்லாம் நடக்காது. பயிற்சியாளர் ஆளைப் பார்த்தே ஆகவேண்டும். வகுப்பு பதிவாகிறதா, பதிவு எத்தனை நாள் இருக்கும், யார் யார் பார்ப்பார்கள் என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். உங்களுக்குப் பின்னால் கண்ணாடி பதித்த பீரோ இருக்கிறதா என்றும் பாருங்கள். போனுக்குப் பின்புறம் உட்கார்ந்து காய் நறுக்குபவர் வரை எல்லோரும் அதில் தெரிவார்கள். ஒரு பழைய வேட்டியைப் போட்டு மூடினால் போதும்.