கோயில் புத்தகத்தில் தாத்தா பேர்

"எங்க தாத்தா பேரு சூசை. சாமியார் எழுதிக் குடுத்த காயிதத்துல யோசேப்புஸ்னு இருக்கு. அது வேற யாரோ." இப்படிச் சொல்லி, கைக்கு வந்த ஞானஸ்நானச் சான்றை மடித்துப் பெட்டிக்குள் போட்டுவிடுகிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். வேறு யாரும் இல்லை, அது தாத்தாவேதான்.

மலையகத்துக் கத்தோலிக்கக் கோயில்களின் பழைய பதிவுப் புத்தகங்கள் பல லத்தீன் மொழியில் எழுதப்பட்டவை. 1883இல் கண்டிப் பகுதி கொழும்பிலிருந்து தனியாகப் பிரிக்கப்பட்டபோது அதைப் பொறுப்பேற்றவர்கள் இத்தாலி நாட்டு சில்வெஸ்திரின் சபைத் துறவிகள். லயத்துத் தாய் வாயால் சொன்ன பேரை இத்தாலிக்காரர் காதால் கேட்டு லத்தீனில் எழுதினால் எப்படி இருக்கும்? நாம் இராயப்பன் என்றால் புத்தகத்தில் பேத்ருஸ். சின்னப்பன் பவுலுஸ் ஆவார், அருளப்பன் யோவான்னெஸ், சந்தியாகு யாக்கோபுஸ், முடியப்பன் ஸ்தெபானுஸ், ஞானப்பிரகாசம் அலோய்சியுஸ். புனிதர் ஒருவரே, பேர்தான் இரண்டு.

இன்னொரு சிக்கலும் உண்டு. நாம் 'இராயப்பனுடைய மகன்' என்று சொல்லும்போது பேரின் வால் நீளுகிறது அல்லவா? லத்தீனிலும் அப்படித்தான். பிள்ளையின் பேர் பேத்ருஸ் என்றால், அதே பேர் தகப்பன் இடத்தில் வரும்போது 'பேத்ரி' என்று மாறும். யோசேப்புஸ் 'யோசேப்பி' ஆவார். மரியா 'மரியே' ஆவாள். பேத்ரி என்று ஒரு ஆள் இருந்தாரா என்று தேடி அலைய வேண்டாம். 'ஃபிலியுஸ்' என்றால் மகன், 'ஃபிலியா' என்றால் மகள். பேர் புரியாவிட்டாலும் ஆணா பெண்ணா என்பதை இதைப் பார்த்துச் சொல்லிவிடலாம்.

மாதத்தில்தான் படித்தவர்களும் தவறுகிறார்கள். சில புத்தகங்களில் '7' என்று போட்டுப் பக்கத்தில் 'பிரிஸ்' என்று எழுதியிருக்கும். அது ஏழாம் மாதமான ஜூலை அல்ல, செப்டெம்பர். லத்தீனில் 'செப்தெம்' என்றால் ஏழு. பழைய ரோமர் கணக்கில் வருடம் மார்ச்சில் தொடங்கியதால் வந்த பேர் அது. அப்படியே 8 என்றால் ஒக்டோபர், 9 நவம்பர், 10 டிசெம்பர். யாரோ பிரதி எடுத்துக் கொடுத்த சான்றில் பிள்ளை ஓகஸ்டில் பிறந்து, அதே வருடம் ஜூலையில் ஞானஸ்நானம் பெற்றதாக இருந்தால், இந்த இடத்தில்தான் பிழை நடந்திருக்கும் என்று முதலில் சந்தேகப்படுங்கள்.

திகதி இரண்டு இருக்கும், பிறந்தது ஒன்று, ஞானஸ்நானம் பெற்றது ஒன்று. அடையாள அட்டைக்குப் பிந்தியதை எழுதிக் கொடுத்துவிட்டு அவதிப்பட்டவர்கள் உண்டு. சுவாமி தோட்டத்துக்கு வரும் நாளில்தான் பிள்ளைகளைக் கொண்டுபோவார்கள். ஆகவே ஒரே நாளில் எட்டுப் பத்துப் பிள்ளைகளின் பேர் வரிசையாக இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். பிறந்த திகதியோ தாயின் நினைவிலிருந்து சொன்னது. "ஆடி வெள்ளத்துக்கு அப்புறம் பொறந்தவன்" என்ற கணக்கைச் சுவாமி திகதியாக மாற்றி எழுதியிருப்பார். பத்து நாள் முன்பின் இருந்தால் அது வேறு பிள்ளை என்று முடிவு கட்டக்கூடாது.

பேரனுக்குத் தாத்தா பேர் வைப்பது நம் வழக்கம். அண்ணன் தம்பி மூவர் இருந்தால், மூன்று வீட்டிலும் ஒரு சூசை இருப்பான். அப்போது தாயின் பேரைப் பாருங்கள். ஞானத்தகப்பன், ஞானத்தாய் பேரையும் பாருங்கள். அவர்கள் பெரும்பாலும் மாமன், அத்தை, பக்கத்துக் காம்பராக்காரர். நம் வீட்டுப் பெரியவர்களுக்கு அந்தப் பேர்கள் தெரிந்திருக்கும்.

எங்கள் அம்மாவின் கதையைச் சொல்கிறேன். அப்பா இறந்த பிறகு அவருடைய ஊழியர் சேமலாப நிதியை எடுக்கப் போனோம். அம்மாவின் பேர் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் இசபெல், கலியாணப் பத்திரத்தில் எலிசபெத், செக்ரோலில் ராசாத்தி. "மூணு பொம்பளைங்க இருக்காங்க, யார் பொஞ்சாதி?" என்று கந்தோரில் ஒருவர் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. கடைசியில் உதவியது அவர் ஞானஸ்நானம் பெற்ற கோயிலின் புத்தகம். அம்மாவின் பதிவுக்குப் பக்கத்து ஓரத்தில், பொடி எழுத்தில், எந்தக் கோயிலில், எந்தத் திகதியில், யாரைக் கட்டினார் என்று இருந்தது. 1908 முதல் கலியாணம் நடத்திய சுவாமி அதை ஞானஸ்நானக் கோயிலுக்கு அறிவிக்க வேண்டும், அங்கே ஓரத்தில் எழுத வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். அந்த ஒரு வரிதான் இசபெல்லையும் எலிசபெத்தையும் ஒரே பெண்ணாக்கியது. இரண்டும் ஒரே பேரின் இரண்டு வடிவம் என்பது எங்களுக்கு அன்றுதான் தெரியும். ராசாத்தி வீட்டுப் பேர் என்பதற்குச் சமாதான நீதவான் முன்னால் சத்தியக் கடதாசி முடித்தோம். பணம் கைக்கு வர ஒன்றரை வருடம் ஆனது.

ஆகவே சான்று கேட்கும்போது ஓரக் குறிப்பையும் சேர்த்து எழுதித் தரும்படி சுவாமியிடம் கேளுங்கள். அது இல்லாத சான்று பாதிச் சான்றுதான் என்பது என் எண்ணம்.

"எந்தக் கோயில்ல போய்த் தேடுறது?" தோட்டத்துச் சிறிய கோயிலில் தண்ணீர் ஊற்றியிருந்தாலும், பதிவு பங்கின் தலைக்கோயில் புத்தகத்தில் இருக்கலாம். ஊவாப் பக்கத்தார் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பதுளை தனி மறைமாவட்டமானது 1972இல்தான், அதற்கு முன் கண்டிதான். தோட்டத்துக்கும் இரண்டு பேர். ஆபீசில் இங்கிலீசுப் பேர், நம் வாயில் தமிழ்ப் பேர். இரண்டையும் எழுதிக் கொண்டுபோங்கள்.

பேர் மாறியிருக்கிறது என்று புத்தகத்தில் திருத்தச் சொல்லி யாரும் சண்டை பிடிக்க வேண்டாம். பழைய எழுத்து பழையபடியே இருந்தால்தான் அதற்கு மதிப்பு. ஞானஸ்நானச் சான்று பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்துக்குச் சமமாகாது. ஆனால் பிறப்பைக் காலம் கடந்து பதியப் போகும்போது கூட வைக்கும் ஆதாரமாக அது உதவும். 2003ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கே நிரந்தரமாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினரையும் அவர்கள் வழி வந்தவர்களையும் பற்றிப் பேசுகிறது. அந்தத் திகதிக்கு முன்னே தாத்தா இந்தத் தோட்டத்தில் நின்றார் என்று காட்ட, பல குடும்பங்களிடம் இருப்பது இப்படிப்பட்ட ஒரு வரிதான்.

போகுமுன் வீட்டிலுள்ள பெரியவரிடம் உட்கார்ந்து, வீட்டுப் பேர், ஞானத்தாய் பேர், பழைய லயம் எல்லாவற்றையும் கேட்டு ஒரு கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள். ஞாயிறு பூசை முடிந்த கையோடு கேட்டால் சுவாமிக்கு நேரம் இருக்காது. கிழமை நாளில் சொல்லிவிட்டுப் போங்கள்.