பாதி கற்றால் மீதியும் வரும்!

திருச்சி, ஸ்ரீரங்கம் பக்கம் பாட்டுக் கற்கும் குழந்தைக்கு முதல் ராகம் மாயாமாளவகௌளை. சரளி வரிசை அதில்தான். புரந்தரதாசர் வகுத்த முறை என்பார்கள்.

ஏன் இந்த ராகம்?

ஆர்மோனியத்தைப் பாருங்கள். கறுப்பு, வெள்ளை எல்லாக் கட்டைகளையும் எண்ண வேண்டும். 'ச'வுக்கு அடுத்த கட்டை 'ரி'. அதிலிருந்து மூன்றாவது 'க'. அதற்கு அடுத்தது 'ம'. இனி 'ப'விலிருந்து தொடங்குங்கள். அடுத்தது 'த', மூன்றாவது 'நி', அடுத்தது மேல் 'ச'. அதே கணக்கு! பாதி கற்றால் மீதியும் கைவசம்.

மேல்நாட்டாருக்கு இது விந்தையான வரிசை. நம் குழந்தைக்கோ அரிச்சுவடி!

1992-ல் வந்த 'தேவர் மகன்' படத்தில் 'மாசறு பொன்னே' பாட்டை இளையராஜா இதே ராகத்தில்தான் அமைத்தார்.

ஆகவே, குழந்தை தினமும் 'சரிகம' பாடினால் சலித்துக்கொள்ளாதீர்கள். பெரிய பாட்டுக்கும் விதை அதுதான்!